நார்மல் ரத்தம்

கடைசிக் குழியில் மஞ்சள் சாயத்தை விட்டுத் தட்டை மூடி, இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தியபோது மணி ஒன்பது முப்பத்தைந்து. இனி நாலு மணி நேரத்துக்கு அங்கயற்கண்ணிக்குக் காத்திருப்பதைத் தவிர வேலை கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழி, குழிக்குள் மனித ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளை அணுக்கள். பீன்ஸ் கொட்டையிலிருந்து எடுத்த சாறு ஒன்று இருக்கிறது, அதை ஒரு துளி விட்டால் ஆரோக்கியமான அணுக்கள் யாரோ வம்புக்கு இழுத்த மாதிரி துள்ளி எழுந்து மூன்று நாளில் பெருகிவிடும், சீக்குப் பிடித்தவை என்ன சீண்டினாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதைச் சாயம் காட்டிக்கொடுக்கும். உயிருள்ள அணு மஞ்சளைத் தின்று ஊதாவாக்கும், செத்தது அப்படியே விட்டுவிடும். ஊதா எவ்வளவு அடர்த்தி என்று மிஷின் படித்து எண் சொல்லும், அவ்வளவுதான் இந்தப் பரீட்சை. ஒன்றரை மணிக்கு மேல் அந்தத் தட்டை டாக்டர் தில்லைநாயகம் தன் கையாலேயே மிஷினில் வைக்கப் போகிறார். ஆய்வகத்துக்குச் சான்றிதழ் கொடுக்க வந்திருக்கிற இரண்டு பேர் பக்கத்தில் நிற்பார்கள். எண் வரும். அப்போது அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும், மூக்கிலிருந்து ஆரம்பிக்குமா, அந்தத் தாடையிலிருந்து ஆரம்பிக்குமா. அதைப் பார்க்கத்தான் ஆறு வருஷமாக இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஸ்டூலுக்கு மூன்று கால்தான் சரி, நாலாவது கால் ஆடும். ஆடட்டும். இன்குபேட்டர் முனகிக்கொண்டிருக்கிறது, முப்பத்தேழு டிகிரி, ஓர் உடம்பின் சூடு. உள்ளே இருப்பதில் பாதி அவளுடைய உடம்புதான். இந்த ஆய்வகத்தில் அப்படி ஒரு வழக்கம். நோயாளியின் அணு வளர்ந்தது போதுமா போதாதா என்று சொல்வதற்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல உடம்புக்காரரின் அணுவையும் வளர்த்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பெயர் நார்மல். முதல் வருஷம் நார்மலுக்கு எல்லோரும் கையை நீட்டினார்கள். அப்புறம் ஒருவருக்குச் சளி, ஒருவருக்கு விரதம், ஒருவருக்கு ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டிக்கொண்டு வரும். டாக்டருக்கோ எப்போதும் மீட்டிங். கடைசியில் அங்கயற்கண்ணி ஒருத்திதான் மிச்சம். பத்தொன்பது வருஷம், வாரத்துக்கு ஒரு தடவை, பத்து மில்லி. மதுரைக்கு வந்து போன அத்தனை நோயாளிகளையும் அளந்தது அவள் ரத்தத்தை வைத்துத்தான். டாக்டர் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எழுதிய கட்டுரைகளில் படம் இருக்கும், நோயாளிகளுக்கெல்லாம் குட்டை குட்டையாகச் சாம்பல் தூண், ஓரத்தில் நெட்டையாக ஒரு கறுப்புத் தூண். அதன் கீழே நார்மல் என்று போட்டிருக்கும். அது நான்தான் என்று ஒருமுறை கணவரிடம் காட்டினாள். பரவாயில்லையே, நல்ல உயரமா இருக்க, என்றார் அவர். நன்றி சொல்லும் பக்கத்தில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்ட எலக்ட்ரீஷியன் பெயர்கூட இருந்தது, இவள் பெயர் இல்லை. சரி, பெயர் எதற்கு, ரத்தத்தில் பெயரா எழுதியிருக்கிறது. அதையெல்லாம் அவள் மன்னித்துவிட்டிருப்பாள். மன்னிக்க முடியாதது வேறு, அது தயிர்.

தயிர்தான். நினைத்தாலே நாக்கில் புளிக்கிறது. டாக்டருக்குப் புளிக்காத தயிர் வேண்டும், அதுவும் கட்டியாக, ஸ்பூனால் வெட்டி எடுக்கிற மாதிரி. மார்கழிக் குளிரில் வீட்டில் தயிர் உறையவில்லை என்று ஒரு நாள் எவர்சில்வர் டப்பாவில் உறை ஊற்றிய பாலைக் கொண்டுவந்து இன்குபேட்டரின் கீழ்த்தட்டில் வைத்தார். முப்பத்தேழு டிகிரியில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் டப்பாவைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். படித்த மனுஷன், வெளிநாட்டில் பட்டம் வாங்கினவர், மேல்தட்டில் பதினொரு நோயாளிகளின் அணுக்கள், கீழ்த்தட்டில் அவர் தயிர். டப்பாவைக் கழுவி வைத்தது யார், இவள்தான். ஒரு நாள் மூடி நழுவிப் பால் கொட்டியிருக்கிறது, அவரே கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போலப் போய்விட்டார். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் எல்லாத் தட்டும் கலங்கிக் கிடக்கிறது, மோர்ப்பானை வாடை. பதினொரு பேர் ரத்தமும் வீண். டீன் விசாரித்தார். ஏழு பேர் உட்கார்ந்திருந்த அறையில் டாக்டர் ஒரு விநாடி யோசித்தார், அந்த விநாடியை இவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னார், "தலை நிறையப் பூ வச்சுட்டு வர்றாங்க சார், நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், பூவுல இல்லாத கிருமியா?" ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நல்ல மணம், எந்தக் கடை, என்று கேட்டவர்தான் அவர். அவள் வாயைத் திறந்திருக்கலாம். பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் இருந்தது, கையெழுத்துக்கு. ஒரு லெட்டர்தானம்மா, எழுதிக் குடுத்துட்டா அதோட முடிஞ்சுது, என்றார். எழுதிக் கொடுத்தாள். என் கவனக்குறைவால், என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம். அந்தக் கடிதத்தையே காரணம் காட்டிப் பதவி உயர்வும் போனது. மறு வாரம் சுற்றறிக்கை வந்தது, ஆய்வகங்களில் பணிபுரியும் பெண்கள் தலையில் பூ வைத்துக்கொள்ளக் கூடாது. மதுரையில், மல்லிகை விளைகிற ஊரில், நாலு மாடியிலும் இருந்த இருபத்திரண்டு பெண்களும் மறுநாள் வெறுந்தலையோடு வந்து இவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கவனக்குறைவு. அந்தச் சொல் இருக்கிறதே, தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி, விழுங்கவும் முடியாது துப்பவும் முடியாது. பஸ்ஸில் வந்தால் டிக்கெட்டைத் தொலைத்தவளைக் கண்டக்டர் சொல்கிறான், என்னம்மா கவனமில்லாம, என்று. உடனே இவளுக்குக் காது சுடுகிறது. வீட்டில் பால் பொங்கி வழிந்தால் கணவர் சிரிப்பார், இவள் இரண்டு நாள் பேசமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூ வாங்கிவந்து, வீட்டுலயாவது வச்சுக்கயேன் என்பார், அதைச் சாமி படத்துக்குப் போட்டுவிடுவாள். கவனக்குறைவாம். இந்தக் கையா? அணுவை எண்ணி எண்ணிக் கண்ணாடி மாற்றினவள், பைப்பெட்டின் நுனியில் நிற்கிற துளியைப் பார்த்தே எத்தனை மைக்ரோலிட்டர் என்று சொல்கிறவள். திங்கட்கிழமைகூட எவ்வளவு கவனமாகச் செய்தாள். கூட வேலை பார்க்கிற ரெஜினா, இவளுக்கு மட்டும் ஊசி போடுகிறவள், வந்து இவள் கையில் ரத்தம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள், இவள் அணுக்களைப் பிரித்தாள், கழுவினாள். அந்தச் சின்னக் குழாயை விரல்களுக்கு நடுவில் பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் வெந்நீர்த் தொட்டி, ஐம்பத்தாறு டிகிரி. உள்ளே வைத்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று. ஒரேயடியாகச் சாகக் கூடாது, செத்தால் சந்தேகம் வரும். பாதி சாக வேண்டும், மீதி அரை உயிராகக் கிடக்க வேண்டும், கடவுளே வந்து பார்த்தாலும் இது யார் செய்தது என்று சொல்ல முடியாதபடி. தன்னுடைய ரத்தம், தன்னுடைய உயிரணு, யார் கேட்பது. பத்தொன்பது வருஷம் நிமிர்ந்து நின்ற கறுப்புத் தூண் இன்றைக்கு வந்தவர்கள் முன்னால் தொப்பென்று உட்காரும். நார்மலையே வளர்க்கத் தெரியாத ஆய்வகத்துக்கு எந்த மடையன் சான்றிதழ் கொடுப்பான்? டாக்டருக்கு இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு, சான்றிதழ் வந்தால் மூன்று வருஷம் இயக்குநர் நாற்காலி, வராவிட்டால் வீட்டில் உட்கார்ந்து தயிர் உறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

பதினொன்றரைக்குப் பொறுக்க முடியாமல் தட்டை வெளியே எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். பார்க்கக் கூடாது என்று ஒன்றும் சட்டமில்லை. தன் பாதியை முதலில் பார்த்தாள். உயிருள்ள அணுவுக்குள் சாயம் ஊதா முள்ளாக உறைந்து நிற்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊதா முட்கள், மற்றபடி மஞ்சள் வெளி. சரியாகத்தான் செய்திருக்கிறாள், சந்தோஷமாக இருந்தது, சொந்த அணுக்கள் செத்துக் கிடப்பதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தோன்றிச் சிரிப்புகூட வந்தது. பிறகு தட்டை நகர்த்தினாள், மற்ற பாதி வந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊதா முட்கள், மற்றபடி மஞ்சள் வெளி. தட்டை நகர்த்தவே இல்லையோ என்று கண்ணை எடுத்துப் பார்த்தாள். நகர்த்தியிருந்தாள். அது குழந்தையின் பாதி. ஏழு மாதக் குழந்தை, உசிலம்பட்டிப் பக்கம், கோப்பில் முத்துப்பேச்சியின் பெண் குழந்தை என்று எழுதியிருக்கிறது, பெயர் இன்னும் வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து சளி, காது, வயிறு, மறுபடி சளி. அதற்கு மூத்தது இப்படியே இருந்து ஒன்பதாம் மாதம் போய்விட்டது, தாய்மாமனைக் கட்டியவள் என்று வார்டு டாக்டர் குறிப்பு எழுதியிருந்தார். முதலில் தட்டில் நார்மல் மட்டும்தான் இருப்பதாக ஏற்பாடு. திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு, இவள் தன் அணுக்களை வேகவைத்து முடித்து இரண்டு மணி நேரம் ஆன பிறகு, இந்த ரத்தம் வந்தது. டாக்டர் உற்சாகமாகிவிட்டார், "அதையும் இதே தட்டுல போடும்மா, இன்ஸ்பெக்ஷனுக்கு நிஜமான பேஷன்ட்டக் காட்டுவோம்." போட்டாள். உள்ளுக்குள் பழி கொதித்துக்கொண்டிருந்தது, போடு என்றதும் கை போட்டது. அந்த மூன்று நாளில் அந்தக் குழந்தையைப் பற்றி அவள் ஒரு தடவையாவது நினைத்தாளா? நார்மல் படுத்தால் தட்டையே தூக்கி எறிவார்கள், குழந்தைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், இதில் நினைக்க என்ன இருக்கிறது.

அப்படியா எறிவார்கள்? தட்டைத் திரும்ப உள்ளே வைத்தாள், கதவைச் சாத்தினாள், கை கதவிலேயே இருந்தது. பழைய காலமாக இருந்தால் எறிந்திருப்பார்கள். அப்போது பெரிய நோட்டில் அவளே எழுதுவாள், முதல் வரியில் நார்மல், அது விழுந்திருந்தால் சிவப்புக் கோடு, கதை முடிந்தது. போன வருஷம் டாக்டர் கம்ப்யூட்டரில் ஒரு தாள் போட்டுவைத்தார், அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. மிஷின் படித்ததும் அதுவே கணக்குப் போட்டுவிடும். நோயாளியின் வளர்ச்சி நார்மலில் நூற்றுக்கு எத்தனை என்று ஒரே ஓர் எண், பெரிதாக, எழுபதுக்கு மேல் என்றால் பச்சை, கீழே என்றால் சிவப்பு. நார்மலின் சொந்த எண் பின்பக்கத்தில் எங்கோ கிடக்கும், யாரும் திறப்பதில்லை. நார்மல் என்றால் நார்மல், அதைப் போய் யார் சோதிப்பார்கள்? தட்டில் நார்மல் மட்டும் இருந்திருந்தால் அந்த எண்தான் திரையில் வந்திருக்கும், விழுந்தது தெரிந்திருக்கும். குழந்தை வந்ததால் திரையில் வரப்போவது குழந்தையின் சதவிகிதம். படுத்துக் கிடக்கிற குழந்தையைப் படுத்துக் கிடக்கிற இவள் பக்கத்தில் வைத்து அளந்தால் இரண்டும் ஒரே உயரம். தொண்ணூறு வரும். நூறே வரும். பச்சை. பழி போயே போய்விட்டது. டாக்டருக்கு ஒரு மயிரும் நடக்காது, அழகாகப் பச்சை எரியும், வந்தவர்கள் கைகுலுக்குவார்கள், மூன்று வருஷம் நாற்காலி. முதலில் அவளுக்கு வந்த ஆத்திரம் அதற்குத்தான், குழந்தைக்காக இல்லை, அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குழந்தை ஒரு நிமிஷம் கழித்துத்தான் வந்தது. பச்சை வந்தால் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்பார்கள். சிவப்பு வந்தால்தான் எலும்பு மஜ்ஜை மாற்றுவதற்குப் பேசுவார்கள், இறந்ததற்கும் முந்திப் பிறந்த பிள்ளை ஒன்று பிழைத்து வளர்கிறதாம், அதனிடமிருந்து எடுக்கலாம். பச்சை வந்தால் இதற்கும் ஒன்பதாம் மாதம்.

கழிப்பறைக்குப் போகிற வழியில் நடைபாதையில் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டுக்குள் குழந்தை, மூக்கு ஒழுகிக்கொண்டு, தூக்கத்தில் உதட்டை மட்டும் சப்பிக்கொண்டு. பார்க்காமல் போய்விடலாம் என்றுதான் இவள் சுவரோரமாக நடந்தாள். அவள் விடவில்லை.

"அக்கா, நீங்கதானக்கா ரத்தத்த வளக்குறவுக? எம்புள்ளைக்கி வளந்துருச்சாக்கா?"

"இன்னும் நேரம் இருக்கு."

"வளந்துருக்கும்க்கா. பெரிய டாக்டரு இப்பத்தேன் வந்து கன்னத்தக் கிள்ளிட்டுப் போனாரு, நல்லாருக்கு சாய்ங்காலம் போயிரலாம்ன்டாரு. இவுக அப்பா அஞ்சு மணிக்கி ஆட்டோ சொல்லிட்டாரு."

இன்னும் படிக்காத தட்டுக்கு முடிவு சொல்லிவிட்டு வந்திருக்கிறான் பாவி. குழந்தையின் கன்னத்தில் கிள்ளின இடம் இன்னும் சிவப்பாகத் தெரிகிற மாதிரி இவளுக்குத் தோன்றியது, வெறும் தோற்றமாகவும் இருக்கலாம். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். பயமாக இருந்தது. பதினொரு பேர் ரத்தத்தைப் பாழாக்கியவனைக் கேட்டால் பூ என்றான், ஒரு குழந்தையைக் கொல்லப் போகிற என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன், தயிர் என்றா? முகத்தைக் கழுவினாள், கண்ணாடியில் பார்க்கவில்லை.

வழி இல்லாமலா இருக்கிறது, ஆயிரம் வழி. திரும்பி வந்து ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். குழந்தை ரத்தம் கட்டிவிட்டது, மறுபடி வேண்டும் என்று ரெஜினாவிடம் சொல்லலாம். ரெஜினா டாக்டரைக் கேட்பாள், அவர் இன்றைக்கு இந்தக் குழந்தையை மேடையேற்றாமல் விடமாட்டார், நாளைக்குப் பாத்துக்கலாம் என்பார், நாளைக்குக் குழந்தை உசிலம்பட்டியில் இருக்கும். தட்டைக் கீழே போடலாம். அதுதான் சுலபம், இன்குபேட்டரிலிருந்து மேசைக்கு நாலு எட்டு, மூன்றாவது எட்டில் விரலைத் தளர்த்தினால் போதும், தொண்ணூற்றாறு குழியும் தரையில். குழந்தைக்கு மறுபடி எடுத்தே ஆக வேண்டும். வந்தவர்கள் முன்னால் டாக்டருக்கும் கொஞ்சம் அவமானம். எல்லோருக்கும் நல்லது. எல்லோரும் என்ன சொல்வார்கள்? கவனக்குறைவு. டாக்டர் தலையைக்கூடத் திருப்பாமல் சொல்வார், இவங்க எப்பவுமே இப்படித்தான் சார், ஆறு வருஷத்துக்கு முன்னாடியும். மறுபடி ஒரு வெள்ளைத்தாள், மறுபடி என் கவனக்குறைவால். மாட்டாள். செத்தாலும் மாட்டாள். கொலைகாரி என்று சொல்லட்டும், துரோகி என்று சொல்லட்டும், வேலையை விட்டுத் துரத்தட்டும், கவனமில்லாதவள் என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லக் கூடாது. அப்படியென்றால் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் பென்ஷன் போகும், கணவர் முகத்தில் எப்படி விழிப்பது, வெளியூரில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடுகிற மகன் என்ன நினைப்பான், பேப்பரில் வருமோ, ரத்தத்தை வேகவைத்த ஊழியர் என்று. சொல்லாவிட்டால் பச்சை. ஒரு மணி ஆனது, ஒன்றே கால் ஆனது. மனசு தட்டைப் போடு என்கிறது, கவனக்குறைவு என்கிறது, பச்சை என்கிறது, ஒன்பதாம் மாதம் என்கிறது, மறுபடி தட்டைப் போடு என்கிறது. சுற்றிச் சுற்றி அதே நாலு எட்டுதான். எழுந்து தட்டை எடுத்தாள், மூன்றாவது எட்டில் விரல் தளரவில்லை, ஊதா முட்களைக் கரைக்கிற கரைப்பானை விட்டு ஆட்டும் பலகையில் வைத்தாள்.

வந்தவர்களில் ஆண் பேசவே இல்லை, எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். பேசியது சென்னையிலிருந்து வந்த டாக்டர் யசோதரா, ஒல்லியான, கையில் பேனாவை விடாத பெண். தில்லைநாயகம் புது வெள்ளைக் கோட்டில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். தட்டை அவரே மிஷினில் வைத்தார், அது கரகரவென்று இழுத்துக்கொண்டது, ரெஜினா பொத்தானை அழுத்தினாள். ஒரு நிமிஷத்தில் திரையில் பெரிதாகத் தொண்ணூற்று நாலு என்று பச்சையில் வந்தது.

"பாத்தீங்களா மேடம்? குழந்தை நார்மல். வார்டுல கன்ஃப்யூஸ் ஆயிட்டாங்க, நம்ம லேப் கிளியர் பண்ணிருச்சு."

"நல்லது," என்று யசோதரா பேனாவைத் திறந்தார்.

அங்கயற்கண்ணி தன் குரலைத் தானே கேட்டாள். "அந்த நார்மல் நார்மலே இல்ல மேடம்."

எல்லோரும் திரும்பினார்கள். போட்டோ எடுப்பவரும் திரும்பினார்.

"அது என் ரத்தம். திங்கக்கிழம காலையில வெந்நீர்த் தொட்டியில மூணு நிமிஷம் வச்சேன். பாதிக்கு மேல செத்துருச்சு. அதோட ஒப்பிட்டதாலதான் பச்ச வருது. குழந்தைக்கு வளரல, கொஞ்சங்கூட வளரல. ரெஜினா, பின்பக்கத்தத் திற."

"அக்கா..." என்றாள் ரெஜினா. திறக்கவில்லை.

டாக்டர் சிரித்தார். ஆறு வருஷமாக இந்த முகம் எப்படிப் போகும் என்று யோசித்தவளுக்கு அது சிரிக்கும் என்று தோன்றியதே இல்லை. "மேடம், மனசுல வச்சுக்காதீங்க. இவங்களுக்குக் கொஞ்ச நாளா ஸ்ட்ரெஸ். இந்தம்மா கை மாதிரி ஒரு கை தமிழ்நாட்டுலயே கிடையாது. பத்தொன்பது வருஷமா இந்த லேபே இவங்க கையிலதான் நிக்குது. நரம்புக்கு ஊசி குத்தினா ஒரு தடவை தவறினது கிடையாது. சின்னத் தப்புகூடப் பண்ணத் தெரியாது இவங்களுக்கு, பண்ணதே இல்ல."

எத்தனை வருஷம் இந்தச் சொற்களுக்காகக் காத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது, வரக் கூடாது, இந்த ஆளுக்கு முன்னால் வரக் கூடாது. இப்போதும் தலையைத் திருப்பாமல்தான் சொல்கிறார். அன்றைக்கு எதற்காகக் கவனமில்லாதவள் என்றாரோ அதற்காகவேதான் இன்றைக்குத் தப்பே செய்யாதவள் என்கிறார்.

"தப்பே பண்ணதில்லையா சார்?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட."

"அப்ப பதினோரு பேர் தட்டு கெட்டுப்போனது யாரால சார்?"

இப்போதுதான் போனது. மூக்கிலிருந்தும் இல்லை, தாடையிலிருந்தும் இல்லை, காதிலிருந்து ஆரம்பித்தது, இரண்டு காதும் வெளுத்து அப்புறம் கன்னம் முழுக்க. அவள் ஒரு துளி விடாமல் பார்த்துக்கொண்டாள். யசோதரா ரெஜினாவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அவரே பின்பக்கத்தைத் திறந்தார். நார்மல், புள்ளி பதினெட்டு. போன வாரம், புள்ளி எண்பத்தொன்று. அதற்கு முந்தின வாரம், புள்ளி எழுபத்தொன்பது. பேனா கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டே இருந்தது.

"உங்க முழுப் பேர் என்ன?"

"ச. அங்கயற்கண்ணி."

"வேணும்னேதான் செஞ்சீங்களா?"

"ஆமா மேடம். கவனமாத்தான் செஞ்சேன்."

"இதோட விளைவு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அப்புறம் பேசலாம் மேடம். அந்தக் குழந்தை அஞ்சு மணிக்குக் கிளம்பிரும். அதுக்குள்ள மறுபடி ரத்தம் எடுக்கணும். அதோட ஒரு நார்மலும் வேணும்."

யசோதரா வார்டுக்குப் போன் போட்டுக் குழந்தையை அனுப்பக் கூடாது என்று சொன்னார். டாக்டர் குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தார், அந்தப் பேனா அவர் பக்கம் திரும்பியதும் மூடிக்கொண்டார். நார்மலுக்கு யார் என்று அறை முழுக்க ஒரு பார்வை சுற்றியது. ரெஜினாவுக்கு நாலு மாதம், அவள் கூடாது. வந்தவர்கள் கொடுக்கச் சட்டம் இடம் தராது. அங்கயற்கண்ணியின் ரத்தத்தை இனி யார் நம்புவார்கள்?

"சார் இருக்காரே," என்றாள் அங்கயற்கண்ணி. "நல்ல உடம்பு. ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல."

"எனக்கா? எனக்கு வந்து..."

"குடுங்க டாக்டர், பத்து மில்லிதானே," என்றார் யசோதரா.

யார் ஊசி போடுவது என்று யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை, இங்கே ஊசி போடுகிறவள் என்றைக்கும் இவள்தான். நாற்காலியை இழுத்துப் போட்டாள். புதுக் கோட்டின் கையை அவளே மடித்துவிட்டாள். ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள், விரல்களை மடித்துக்கொள்ளுங்கள் என்றாள், முழங்கை மடிப்பில் நரம்பு பச்சையாக, தடிப்பாக, கண்ணில்லாதவன்கூடத் தொட்டுக் கண்டுபிடிக்கிற மாதிரி எழும்பி நின்றது. டாக்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் பஞ்சால் துடைத்தாள், ஊசியைப் பிரித்தாள், குத்தினாள். நரம்புக்கு அரை விரற்கடை தள்ளி, சதைக்குள். ஆ, என்று அவர் நாற்காலியில் எழும்பி உட்கார்ந்தார். குழாயில் ரத்தம் வரவில்லை. அவள் ஊசியை உருவிக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றைப் பிரித்தாள்.

"பரவால்லம்மா," என்றார் அவர், வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றுகொண்டு, "கை தவறிருச்சு போல."

"தவறல சார்," என்றாள் அங்கயற்கண்ணி. "கைய நீட்டுங்க."